எவருடைய குற்றம்?

சிறுவன் இயேசு ஞானத்தில் வளர்ந்ததைக் கூறும் லூக்கா நற்செய்தியாளர், அவர் உடலில் வளர்ந்ததையும் அதே இடத்தில் குறிப்பிடுகிறார் (லூக் 2:52). நாசரேத்தூர்ச் சிறுவனுக்குக் கிட்டிய அவ்வளர்ச்சி நம் குழந்தைகள் பலருக்குக் கிட்டவில்லை. 2019-21இல் நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, இந்தியாவில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுள் 35.5 விழுக்காட்டினர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். தமிழ்நாட்டில் இது 25 விழுக்காடு. அதாவது நால்வரில் ஒருவர்.

"தகப்பன் குள்ளம், பிள்ளையும் குள்ளம்" என்று சொல்லி நாம் அமைதி கொள்கிறோம். உலக சுகாதார நிறுவனம் 1997 முதல் 2003 வரை இந்தியா, நார்வே உள்ளிட்ட ஆறு நாடுகளில் நல்ல சூழலில் வளர்ந்த குழந்தைகளை அளந்தது. டெல்லிக் குழந்தையும் ஓஸ்லோக் குழந்தையும் ஏறத்தாழ ஒரே அளவில் வளரக் கண்டனர். ஒரு குழந்தையின் உயரத்திற்குப் பரம்பரை காரணமாகலாம். நால்வரில் ஒருவர் குன்றிப்போவதற்கு அது மட்டும் காரணமாகாது. தகப்பனின் குள்ளமும் அவன் பிள்ளைப் பருவத்துப் பசியின் தழும்பாக இருக்கலாம்.

காரணங்கள் நாம் அறியாதவை அல்ல. உடல் முதிருமுன் மணமுடிக்கப்படும் பெண். இரத்தசோகையோடு அவள் சுமக்கும் கரு. எடை குறைந்த பிறப்பு. ஆறு மாதத்திற்குப் பின்னும் பருப்பும் முட்டையும் கீரையும் காணாத வெறுங்கஞ்சி. அசுத்த நீரால் மீண்டும் மீண்டும் வரும் வயிற்றுப்போக்கு. கருவறை முதல் இரண்டாம் பிறந்தநாள் வரையுள்ள ஏறத்தாழ 1000 நாள்களில் இழந்ததைப் பின்னர் ஈடுசெய்வது அரிது. உயரத்தோடு கற்கும் ஆற்றலும் நோயை எதிர்க்கும் வலிமையும் குறைகின்றன. பள்ளியில் கிடைக்கும் சத்துணவு போற்றத்தக்கது. ஆனால் குழந்தை பள்ளிக்கு வருமுன் அந்நாள்கள் கழிந்துவிடுகின்றன.

பிறவிக் குருடரைக் கண்ட சீடர், பாவம் செய்தவர் அவரா, பெற்றோரா என வினவினர். ஆண்டவர் இரண்டையும் மறுத்தார். நாமோ தாயின் கவனக்குறைவு என்கிறோம். இல்லையேல் இறைவனின் சித்தம் என்கிறோம். இரண்டு விடைகளும் நம்மை விடுவித்துவிடுகின்றன. திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1987ஆம் ஆண்டுச் சுற்றுமடலில் பாவக் கட்டமைப்புகளைப் பற்றி எழுதினார். பலருடைய தன்னலமும் பாராமுகமும் சேர்ந்து இறுகியவை அவை. ஒருவரும் கொல்லாமலே ஒரு குழந்தையின் வாழ்வு குறுகுவது இவ்வாறுதான்.

நம் வீட்டில் கருவுற்ற மருமகள் கடைசியாகத்தானே உண்கிறாள்? நம் வயலில் நாற்று நடும் கர்ப்பிணிக்கு ஒருநாள் ஓய்வு தந்தால் கூலியும் தருகிறோமா? திருவிழாக் கணக்கை ஆண்டுதோறும் பீடத்திலிருந்து வாசிக்கும் நானும், நம் ஊர் அங்கன்வாடியில் நல்ல தண்ணீர் வருகிறதா என்று ஒருமுறையேனும் கேட்டதில்லை. திருப்பலியின் தொடக்கத்தில், செய்த பாவங்களோடு செய்யத் தவறிய கடமைகளையும் அறிக்கையிடுகிறோம். அடுத்த ஞாயிறு மார்பில் தட்டிக்கொள்ளுமுன், அக்கேள்வியையாவது நான் கேட்டுவர வேண்டும்.