கரையில் நிற்பவரின் தீர்ப்பு

கால்பந்தைப் பற்றிய கட்டுரை ஒன்று இவ்விதழின் பக்கங்களில் இடம்பெறுவது வாசகர் சிலருக்கு வியப்பளிக்கலாம். ஆயினும் நம் இளைஞர்கள் நெஞ்சம் கொதிக்கப் பேசும் பொருள் எதுவாயினும், அதனுள் அறம் பற்றிய வினா ஒன்று மறைந்திருக்கத்தான் செய்கிறது. மாலை வேளையில் கடலூர்த் தேவனாம்பட்டினம் கடற்கரையில் பந்தாடிக் களைத்து மணலில் அமரும் பிள்ளைகள் பேசுவதைக் கேளுங்கள். மயிலாடுதுறை செல்லும் பயணிகள் ரயிலில் சிதம்பரம் வரை கூட்டமாய்ச் செல்லும் மாணவர்கள் பேசுவதையும் கேளுங்கள். ஆட்டத்தைப் பற்றிய பேச்சு கால்மணி நேரத்தில் முடிந்துவிடும். அதன்பின் ஒரே வினாதான்: அடுத்த பயிற்சியாளர் யார்? இவரை அனுப்பிவிட்டு எவரைக் கொண்டுவருவது?

மைதானத்தில் இறங்காதவன், சம்பளம் கொடுக்காதவன், தோல்வியால் வேலையை இழக்கப் போகாதவன், தலைவன் ஒருவனை நியமிக்கவும் நீக்கவும் குரல் எழுப்பலாமா? எழுப்பலாம் என்றால் அவ்வுரிமை எங்கிருந்து வருகிறது?

உரிமையே இல்லை என்று ஒதுக்கிவிடுவது எளிது. ஆனால் ரசிகன் இல்லாமல் கழகம் ஏது? பிற நாடுகள் சில இதை உணர்ந்திருக்கின்றன. ஜெர்மனியில் 1998 முதல் நடப்பில் உள்ள விதி, பெரும்பான்மை வாக்குரிமையைக் கழக உறுப்பினர்களிடமே விட்டுவைக்கிறது. ஸ்பெயின் நாட்டின் பார்சிலோனா, ரியல் மாட்ரிட் கழகங்களில் தலைவரை உறுப்பினர்களே வாக்களித்துத் தேர்ந்தெடுக்கிறார்கள். அங்கும்கூடப் பயிற்சியாளரைத் தேர்வது உறுப்பினர் அல்லர். அவர்கள் தேர்ந்த நிருவாகமே. நம் நாட்டிலோ கழகங்கள் முதலாளிகளுடையவை. நம்மிடம் இருப்பது குரல் ஒன்றே.

அக்குரல் எப்போதும் அறியாமையின் குரல் என்றும் சொல்லிவிட முடியாது. நம் மாநிலத்துச் சென்னையின் எஃப்.சி. கழகத்தின் கதையையே பார்ப்போம். இத்தாலியின் மார்கோ மாத்தராட்சி 2015இல் அணியை வாகை சூடச் செய்தார். அடுத்த ஆண்டே அணி சரிந்தது, அவரும் விலகினார். பின் வந்த ஆங்கிலேயர் ஜான் கிரெகோரி 2018 மார்ச்சில் பெங்களூரு அணியை அதன் சொந்த மைதானத்திலேயே 3-2 என்று வென்று இரண்டாம் கோப்பையைக் கொண்டுவந்தார். அதற்கடுத்த பருவத்தில் அதே கழகம் 18 ஆட்டங்களில் 2 மட்டுமே வென்று, 10 அணிகளில் கடைசியாய் நின்றது. நிருவாகம் அவரை நீக்கவில்லை, பொறுமை காத்தது. 2019 நவம்பர் இறுதியில், புதிய பருவமும் சரியாகத் தொடங்காத நிலையில், கிரெகோரி தாமே விலகினார். டிசம்பரில் வந்த ஓவன் காய்ல், ஏறத்தாழ அதே வீரர்களைக் கொண்டு, 2020 மார்ச்சில் அணியை இறுதியாட்டம் வரை அழைத்துச் சென்றார்!

பொறுமையே என்றும் அறம் என்று சொல்லி இக்கட்டுரையை முடித்துவிட எனக்கும் ஆசைதான். ஆனால் இந்த வரலாறு அதற்கு இடங்கொடுக்கவில்லை. மாற்றம் வேண்டும் என்று அன்று கூவியவர்கள் சொன்னது சரியாயிற்று. தலைவன் மாறினால் அணி மாறும் என்பது சில வேளைகளில் மெய்யே. ஆகவே ரசிகர் சொல்வது சரியா தவறா என்பதன்று நம் வினா. சரியாகவே சொன்னாலும், எந்த நிலையில் நின்று சொல்கிறார் என்பதே.

2025ஆம் ஆண்டின் நடுவில் இந்திய அணிக்குப் பயிற்சியாளர் இல்லை. ஐந்தாண்டு இருந்த குரோவேசியர் இகோர் ஸ்டிமாச், உலகக் கோப்பைத் தகுதிச்சுற்றில் அணி வெளியேறியதும் 2024 ஜூனில் நீக்கப்பட்டிருந்தார். பின் வந்த ஸ்பானியர் மனோலோ மார்க்கெஸ், அணிக்கு 8 ஆட்டங்களில் ஒரே ஒரு வெற்றியைத் தந்து, 2025 ஜூலைத் தொடக்கத்தில் விலகினார். பதவிக்கு 170 விண்ணப்பங்கள் வந்தன. அவற்றுள் பார்சிலோனாவின் புகழ்பெற்ற சாவியின் பெயரும் இருந்தது என்று செய்தி பரவ, அவருக்குச் சம்பளம் கொடுக்க நம்மால் முடியுமா என்று நாடே விவாதித்தது. அவர் பெயரிலும் பெப் கார்டியோலா பெயரிலும் வந்தவை போலி விண்ணப்பங்கள் என்று சம்மேளனம் பிறகு அறிவித்தது. குறும்புக்காரர் எவரோ மின்னஞ்சல் அனுப்பியிருக்கிறார். நகைப்புக்குரிய நிகழ்ச்சிதான், ஆயினும் நம் ஏக்கத்தின் அளவு அதில் தெரிந்தது.

அந்த நாள்களில் ஒருமுறை, மேற்சொன்ன ரயிலில், வெளிநாட்டவரா நம்மவரா என்று மாணவர்கள் உரக்க வாதிட்டுக்கொண்டிருந்தனர். எதிர் இருக்கையில் இருந்த பெரியவர் ஒருவர், பரங்கிப்பேட்டை நெருங்கும் வரை வாய் திறக்காமல் கேட்டுவிட்டு, மெல்லச் சொன்னார்: “ஏம் தம்பி, நீங்க சொல்ற ஆளே வந்துட்டாருன்னு வைங்க. எத்தன தோல்வி வரைக்கும் பொறுத்துக்குவீங்க?”

“மூணு” என்றார் ஒருவர். எல்லாரும் சிரித்தார்கள். “யாருகிட்ட தோக்குறோம்கிறதப் பொறுத்து, ஐயா” என்றார் இன்னொருவர். மற்றவர்கள் விடை கூறவில்லை. பெரியவரும் வற்புறுத்தவில்லை.

அவ்வினா என்னை விட்டு அகலவில்லை. ஒருவரைத் தேர்ந்தெடுக்கும்போது, இவர் வெல்வாரா என்று மட்டுமே கேட்கிறோம். இவருடன் தோற்க நாம் ஆயத்தமா என்று கேட்பதில்லை. வள்ளுவர் தெரிந்துதெளிதல், தெரிந்துவினையாடல் என இரண்டு அதிகாரங்களை ஒதுக்கி, ஆளை ஆராய்வதையும், ஆராய்ந்தபின் நம்பிப் பணியை ஒப்படைப்பதையும் தனித்தனிக் கடமைகளாகவே காட்டுகிறார். நம் விவாதங்களில் முதற் கடமை ஆரவாரமாய் நடைபெறுகிறது, இரண்டாவதற்கு ஆளில்லை. (நம் பங்குகளிலும் ஆண்டுதோறும் மே மாதம் மாற்றல் பட்டியல் வருமுன், அடுத்த பங்குத்தந்தை யார் என்று ஆலய முற்றத்தில் நடக்கும் ஆலோசனையை வாசகர் அறிவர். வந்தவர் முதல் ஞாயிறு மறையுரையை முடிப்பதற்குள், அவருக்கு அடுத்தவர் யார் என்ற பேச்சும் சில இடங்களில் தொடங்கிவிடுகிறது!)

ஆராய்ந்து நம்பியதன் பயனை நம் நாடு கண்டதே இல்லையா? கண்டிருக்கிறது. ஐதராபாத்தின் சையத் அப்துல் ரஹீம் அடிப்படையில் பள்ளி ஆசிரியர். 1951இல் தில்லியில் நடந்த முதல் ஆசிய விளையாட்டுப் போட்டியில் அவருடைய அணி தங்கம் வென்றது. மறு ஆண்டே ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் யூகோஸ்லாவியாவிடம் 1-10 என்று தோற்றது. பத்துக் கோல்கள்! அன்று நம் வீரர் பலர் வெறுங்காலோடு ஆடினார்கள். இன்று அப்படியொரு தோல்வி நேர்ந்தால் அந்தப் பயிற்சியாளர் விமானம் ஏறுமுன்பே அவருக்கு அடுத்தவரின் பெயர் அச்சாகிவிடும். ரஹீமுக்கோ, இடைவெளிகள் சில இருந்தபோதிலும், மீண்டும் அணி கிடைத்தது. வீரர்கள் காலணி அணியப் பழகினர். ஆட்டமுறை மாறியது. 1956இல் மெல்போர்ன் ஒலிம்பிக்கில் ஆஸ்திரேலியாவை 4-2 என்று வென்று இந்தியா நான்காம் இடம் பெற்றது. அரையிறுதியில் மறுபடியும் யூகோஸ்லாவியாவிடம்தான் தோல்வி. ஆனால் இம்முறை 1-4.

1962இல் ஜகார்த்தா சென்றபோது அவருக்குப் புற்றுநோய் இருந்தது. அரசியல் காரணங்களால் அங்கிருந்த பெருங்கூட்டம் நம் அணிக்கு எதிராகவே முழங்கியது. முதற் சுற்றில் தென் கொரியாவிடம் 0-2 என்று தோற்ற அணி, இறுதியில் அதே கொரியாவை 2-1 என்று வென்றது. தலையில் தையல் போட்டிருந்த தற்காப்பு வீரர் ஜர்னைல் சிங்கை முன்வரிசையில் ஆடவைத்தார் ரஹீம். அவரே ஒரு கோலும் அடித்தார். அடுத்த ஆண்டு ஜூனில் ரஹீம் மறைந்தார். அந்தத் தங்கத்துக்குப் பின் ஆசிய விளையாட்டில் கால்பந்துத் தங்கம் இன்னும் நமக்கு வரவில்லை.

பத்துக் கோல் வாங்கியவரை வைத்துக்கொண்டதால்தான் தங்கம் வந்தது என்று நான் வாதிடவில்லை. கிரெகோரியை வைத்துக்கொண்டும் எதுவும் வரவில்லை என்பதை மேலே பார்த்தோம். ஆயினும் 1962இன் மகிழ்ச்சியில் முழுப் பங்கு கேட்கும் உரிமை, 1952இன் இழிவையும் தன்னுடையதாய்ச் சுமந்தவனுக்கே உண்டு என்பேன்.

கரைவலை இழுப்பதை நம் கடற்கரை மக்கள் அறிவர். படகு சென்று வலையைச் சுற்றிப் போட்டுவிட்டு வரும். கரையில் இரு பக்கமும் நிற்பவர்கள் கயிற்றைப் பிடித்து இழுக்க வேண்டும். அவர்கள் கடலுக்குள் போகவில்லை, துடுப்புப் போடவில்லை. ஆனால் பாடு குறைந்தால் வலை போட்டவனைக் கடிந்து பேச அவர்களுக்கு உரிமை உண்டு. கயிறு அவர்கள் கையில் இருந்தது, உள்ளங்கை காய்த்திருக்கிறது. வேடிக்கை பார்க்க வந்தவனும் அதே கரையில்தான் நிற்கிறான். அவன் சொல்வது சில வேளை வலைக்காரன் சொல்வதைவிடச் சரியாகவும் இருக்கும். இருந்தும் அவன் சொல்லுக்கு அங்கே எடையில்லை.

ரசிகனின் கையில் உள்ள கயிறு எது? கடைசி இடத்தில் கிடக்கும் அணியைக் காண நேரு விளையாட்டரங்கிற்குச் சீட்டு வாங்கிச் செல்வது ஒன்று. கடலூரிலிருந்து அது ஏறத்தாழ 180 கிலோமீட்டர், எல்லாராலும் இயலாது. ‘நாம் வென்றோம், அவர் தோற்றார்’ என்று இலக்கணம் மாற்றிப் பேசாதிருப்பது மற்றொன்று. இதற்குப் பணம் வேண்டியதில்லை. பயிற்சியாளரின் கையில் நாம் என்ன கொடுத்திருக்கிறோம் என்று கேட்பது மூன்றாவது. இதுதான் கடினம்.

2025 ஆகஸ்டு 1இல் காலித் ஜமீல் இந்தியப் பயிற்சியாளராக அறிவிக்கப்பட்டார். 2012க்குப் பின் அப்பொறுப்புக்கு வந்த முதல் இந்தியர். 2017இல் மிசோரத்தின் எளிய ஐசால் அணியை ஐ-லீக் வாகையராக்கியவர். நம்மவர் வந்தார் என்று கொண்டாட்டம். செப்டம்பரில் ஓமனை வென்று, மத்திய ஆசியப் போட்டியில் மூன்றாம் இடம், கொண்டாட்டம் கூடிற்று. அக்டோபர் 14இல் கோவாவில் சிங்கப்பூரிடம் 1-2. ஆசியக் கோப்பை வாய்ப்புப் போயிற்று. நவம்பரில் டாக்காவில் வங்கதேசத்திடம் 0-1. பெரியவர் கேட்ட கணக்குக்கு விடை வந்துவிட்டது: நூறு நாளில் அதே வினா மறுபடியும் எழுந்தது. அந்த மாதங்களில் நாட்டின் முதன்மை லீக்கே தொடங்கவில்லை என்பதும், ஒப்பந்தச் சிக்கலில் கழகங்கள் சில வேலையை நிறுத்தி வைத்திருந்தன என்பதும், ஆட்டமின்றி இருந்த கால்களைத்தான் அவர் களத்தில் இறக்க வேண்டியிருந்தது என்பதும் விவாதத்தில் அரைகுறையாகவே பேசப்பட்டன. ஒரு மனிதரின் பெயரைப் பேசுவது எளிது. அமைப்பு ஒன்றின் பழுதைப் பேசினால் அதில் நம் பங்கும் வந்துவிடும் அன்றோ?

நம் ஊர்ப்பக்கமே பார்வையைத் திருப்புவோம். 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலை தேவனாம்பட்டினத்தையும் அதன் அயல் ஊர்களையும் சிதைத்துச் சென்றபின், பாதிக்கப்பட்ட சிறுமியரைக் கடலூரில் பந்தாட அழைத்தவர் பயிற்சியாளர் மாரியப்பன். இந்திரா காந்தி பெயரில் அவர் நடத்திய பயிற்சிக்கூடத்தின் அணி, 2018இல் ஷில்லாங்கில் நடந்த இந்திய மகளிர் லீக் இறுதிச் சுற்றில் ஆடியது. அதே ஆண்டு கட்டாக்கில், பலமுறை வாகை சூடிய மணிப்பூரை வென்று தமிழக மகளிர் முதன்முறையாகத் தேசியப் பட்டம் பெற்றபோது, களத்தில் நின்றவர்களுள் கடலூரின் இந்துமதி கதிரேசனும் ஒருவர். பண்ருட்டியின் சந்தியா ரங்கநாதன் இந்திய அணிக்கு ஆடியவர்.

மாரியப்பனை எந்த ரசிகர் கூட்டமும் தேர்ந்தெடுக்கவில்லை. 170 பேர் அவ்விடத்திற்கு விண்ணப்பிக்கவுமில்லை. அவரே பிள்ளைகளைத் தேடிச் சென்றார். அவர் தோற்ற ஆட்டங்கள் எத்தனை என்று எண்ணி வைத்திருப்பவரும் இலர். மகளைப் பயிற்சிக்கு அனுப்ப வேண்டாம் என்று உறவினர் சொல்லியும் அனுப்பிய தாய்மார்களே அங்கே கயிறு பிடித்தவர்கள். அவர்களுள் ஒருத்தி வந்து, பயிற்சி சரியில்லை, வேறு ஆள் வேண்டும் என்று சொன்னால், எந்த நிருவாகமும் எழுந்து நின்று கேட்க வேண்டும்.

சிதம்பரத்தின் பல்கலைக்கழகத்தில் உடற்கல்வி பயின்று வெளிவரும் இளைஞர்கள் இருக்கிறார்கள். அவர்களுள் சிலர் அந்த ரயிலிலும் பயணம் செய்யக்கூடும். மாட்ரிட் கழகத்துக்கு அடுத்து யார், சென்னைக்கு அடுத்து யார், இந்தியாவுக்கு அடுத்து யார் என்பதில் அவர்களுக்குத் தெளிவான கருத்து உண்டு. கடலூர் மைதானத்தில் அந்தச் சிறுமியருக்கு அடுத்து யார் என்று எவரும் கேட்டு நான் இதுவரை அறியேன்.