கண்ணாடிக்குள் ஒரு சூரியன்

கோஸ்டாரிகாவின் மழைக்காட்டைத் தாயகமாகக் கொண்ட செங்கண் மரத்தவளைக்கென்று செடிகள் நட்ட கண்ணாடிப் பெட்டியொன்றைச் சித்தம் செய்கிறவன், செடிகள் தழைப்பதற்காக 6500 கெல்வின் வெண்ணொளி விளக்கை மேலே பொருத்தி, அது 12 மணி நேரம் எரிந்து தானே அணையும்படி அமைத்து, உஷ்ணம் பகலில் 26 பாகையிலும் இரவில் 21 பாகையிலும் நிற்குமாறு பக்கச் சுவரில் ஒட்டிய வெப்பத்தகட்டைத் தெர்மோஸ்டாட்டோடு இணைத்து நிமிரும்போது, தன்னையறியாமலே சிருஷ்டிகர்த்தாவின் ஆசனத்தில் அமர்ந்துவிடுகிறான். ஆனால் அவன் யார்பொருட்டுச் சூரியனை உண்டாக்கினானோ அந்தப் பிராணி, பகலெல்லாம் இலையின் அடிப்புறத்தில் கால்களை மடக்கி ஒட்டிக்கொண்டு, பொன்னிழை பின்னிய மெல்லிய இமைத்திரையைக் கண்மேல் இழுத்துக்கொண்டு உறங்குகிறது! சருமத்தாலேயே நீரை உறிஞ்சி வாழும் அதற்கு, அன்பு மிகுதியால் கூட்டிய வெப்பமே ஈரத்தை வற்றச் செய்யும் யமனாகிவிடும். அப்படியானால் கருணை கொடுப்பதிலா இருக்கிறது, கொடுப்பதை ஓர் எல்லையில் நிறுத்திக்கொள்வதிலா? இறைவனின் ஐந்தொழில்களுள் மறைத்தலையும் ஒன்றாகச் சைவ சித்தாந்திகள் வைத்தது எனக்கு வெகுகாலம் புதிராகவே இருந்தது. கிரந்தங்களைவிட, விளக்கு அணையும் அந்த நாழிகையே அதைச் சற்று விளக்கிற்று. இருள் கவிந்த சிறிது நேரத்தில் இமைத்திரை தாழ்கிறது, செங்கண் திறக்கிறது, ஆரஞ்சு நிறப் பாதமொன்று மெல்ல நீண்டு ஈரக் கண்ணாடியைப் பற்றுகிறது.