அச்சமும் அயலாரும்

ஜொகூர் மாநிலத்தின் பொந்தியான் மாவட்டத்திலே, அன்னாசிப் பழத்தின் பெயரையே தன் பெயராகக் கொண்ட சிற்றூர் பெக்கான் நானாஸ். அவ்வூருக்கும் ஸ்கூடாயிலுள்ள மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்திற்கும் இடைப்பட்ட தொலைவு முப்பது கிலோமீட்டருக்கும் குறைவே. ஆயினும் அன்னாசியும் செம்பனையும் சூழ்ந்த ஊரில் வாழ்ந்து பழகிய பெற்றோர்க்கு அது மிக நீண்ட தொலைவாகும். அங்கே மகளுக்கு இடம் கிடைத்து, விடுதியில் தங்கும் காலமும் முடிந்து, வெளியே வாடகைக்கு அறை தேடிப் புறப்படும் ஒரு தந்தையை எண்ணிப் பார்க்கலாம்.

முதலில் தொலைபேசியில் பேசிய வீட்டுக்காரர் பெயரைக் கேட்டார். பிறகு எந்த இனம் என்று கேட்டார். அறை போய்விட்டது என்றார். அந்த அறைக்கான விளம்பரம் மறுநாளும் அப்படியே இருந்தது. தந்தை மனம் நொந்தார். இனம் பார்த்து வாடகைக்கு விடும் வழக்கம் இந்நாட்டில் ஒளிவு மறைவின்றியே நடப்பது. விளம்பரத்திலேயே இன்னார்க்கு மட்டும் என்று அச்சிடுவோரும் உளர். மூன்றாம் முயற்சியில் ஒரு தரகர் நல்ல அறை ஒன்றைக் காட்டினார். தந்தை சன்னலைத் திறந்து பார்த்தார். பிறகு தாழ்ந்த குரலில், “பக்கத்து வீடுகளில் வங்காளதேசிகள் குடியிருக்கிறார்களா? கறுப்பின மாணவர்கள் யாரேனும் இருக்கிறார்களா?” என்று கேட்டார்.

தம்மிடம் கேட்கப்பட்ட அதே கேள்வியைத்தான் தாமும் கேட்கிறோம் என்பது அவருக்குத் தோன்றவில்லை.

அவரைக் குறை கூறுவது எளிது. ஆனால் அவர் பெண்ணைப் பெற்றவர். இருட்டிய பின் நூலகத்திலிருந்து தனியே திரும்பி வரப்போகிறவள் அவர் மகள். வழிப்பறிக்காரன் கைப்பையைப் பற்றி இழுக்கையில் தரையில் விழுந்து தலையில் அடிபட்ட பெண்களைப் பற்றிய செய்திகளை அவர் படித்திருக்கிறார். அச்சமே கூடாது என்று அவருக்கு எவரும் அறிவுரை கூற முடியாது. அஞ்சத் தக்கதற்கு அஞ்சாதிருப்பது பேதைமை என்பதே வள்ளுவர் கருத்தும். அவர் அக்கருத்தை வைத்த இடம் எண்ணத் தக்கது. அது அறிவுடைமை என்னும் அதிகாரத்தில் வருகிறது. எதற்கு அஞ்சுவது என்பது அறிவு தீர்மானிக்க வேண்டிய செய்தி. எனவே, தந்தைக்கு அச்சம் இருக்கலாமா என்பதன்று வினா. தாம் கேட்ட கேள்வியால் எதை அவர் அறிந்துகொண்டார் என்பதே வினா.

ஸ்கூடாய் வட்டாரம் அயலாரால் உருவான வட்டாரம். பல்கலைக்கழகத்தின் அருகே கங்கார் பூலாய் என்றோர் ஊர் உண்டு. கங்கார் என்னும் சொல்லே சீனக் குடியேற்றத்தின் நினைவுச் சின்னம். 1844ஆம் ஆண்டு முதல் ஜொகூர் ஆட்சியாளர் ஆற்றங்கரைகளைச் சீனத் தலைவர்களுக்கு ஆவணம் எழுதி அளித்தனர். காங்சூ எனப்பட்ட அத்தலைவர்கள் மிளகும் கெம்பீரும் பயிரிட ஆட்களைக் கொணர்ந்தனர். ஆற்றங்கரையில் அமைதி காக்கும் பொறுப்பும் அவர்களுடையதே. அபினி விற்பனையும் மதுவும் சூதாட்டமும் அடகுக்கடையும் நடத்தும் உரிமையும் அவர்களுக்கே இருந்தது என்பதை நினைக்கையில், காவலும் வாணிகமும் ஒரே கையில் இருந்தால் என்ன ஆகும் என்பது விளங்கும். அம்முறை 1917இல் ஒழிக்கப்பட்டது. பின்னர் ரப்பர் வந்தது. அதனோடு தமிழர் வந்தனர். செம்பனை வந்தது. 1904இல் கோலாலம்பூரில் ஒரு தொழில்நுட்ப வகுப்பாகத் தொடங்கி, 1972இல் தேசியத் தொழில்நுட்பக் கழகமாகி, 1975இல் பல்கலைக்கழகமாக உயர்ந்த நிறுவனம், 1985இல் ஸ்கூடாயில் தன் தலைமை வளாகத்தைத் திறந்தது. தோட்டங்கள் தாமான்களாயின. மாணவர் வந்தனர், தோட்டத்தை இழந்த தொழிலாளர் வந்தனர், நாள்தோறும் சிங்கப்பூருக்கு வேலைக்குச் செல்வோர் வந்தனர், பிறகு வங்காளதேசத்தார், நேப்பாளியர், இந்தோனேசியர், மியன்மார் நாட்டவர் வந்தனர். நூற்றெண்பது ஆண்டுகளில் இங்கே பிறர் வருகையைக் கண்டு முகம் சுளிக்கும் உரிமை உடையவர் எவர் என்று தேடினால், விடை கிடைப்பது அரிது.

எனினும், குற்றம் என்பது கற்பனையன்று. தமிழர் இதை மறுத்துப் பேசுதல் தகாது. 2013ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் உள்துறை அமைச்சு 49 குண்டர் கும்பல்களின் பெயர்களை வெளியிட்டது. அவற்றின் உறுப்பினர் 40,313 பேர் என்றும், அவர்களுள் 28,926 பேர் இந்தியர் என்றும் அறிவித்தது. அதாவது நூற்றுக்கு எழுபத்தொருவர்க்கு மேல். குடிமக்களில் நூற்றுக்கு ஏழு பேரளவே உள்ள சமுதாயத்திற்கு இது தலைகுனிவு. அன்று பலர் அந்த எண்ணின் மீது சினம் கொண்டனர். எண்ணின் மீது சினம் கொள்வதால் எண் மாறுவதில்லை. அந்த 28,926 பேருள் பெரும்பாலோர் என்றோ ஒருநாள் ஏதோவொரு பள்ளியின் பலகையில் அமர்ந்து அகரம் எழுதியவர்கள்தாம். வருகைப் பதிவேட்டில் அவர்கள் பெயர் எந்த மாதத்திலிருந்து சிவப்பு மையில் எழுதப்படலாயிற்று என்பதை அப்பதிவேடுகளைப் புரட்டிப் பார்த்தோர் மிகச் சிலரே.

அதே எண்ணை வேறொரு பக்கமிருந்தும் படிக்க வேண்டும். 2010ஆம் ஆண்டின் கணக்குப்படி இந்நாட்டு இந்தியர் ஏறத்தாழ 19 இலட்சம் பேர். அவர்களுள் 28,926 பேர் என்பது நூற்றுக்கு ஒன்றரைப் பங்கு. குண்டர்களில் பெரும்பாலோர் இந்தியர் என்பது ஒரு கூற்று. இந்தியரில் பெரும்பாலோர் குண்டர் என்பது வேறொரு கூற்று. முன்னது அமைச்சின் கணக்குப்படி மெய், பின்னது பொய். ஆறாம் வகுப்பு மாணவன் விழுக்காட்டுக் கணக்கில் செய்தால் திருத்தப்படும் இப்பிழையை, வீட்டுக்காரரும் காவலரும் வேலை கொடுப்போரும் நாள்தோறும் செய்கின்றனர், திருத்துவார் இல்லை. ஆயிரம் பேரில் பதினைந்து பேரைக் கண்டு அஞ்சி, எஞ்சிய தொள்ளாயிரத்து எண்பத்தைந்து பேருக்கும் கதவடைக்கின்றனர். அந்தத் தொள்ளாயிரத்து எண்பத்தைந்து பேருள் ஒருத்திதான் அறை தேடி வந்த மாணவி. வங்காளதேசத் தொழிலாளியைப் பற்றித் தந்தை செய்த பிழையும் இதே கணக்குப் பிழைதான். அதிலும் அவர் கையில் ஓர் எண்கூட இருந்ததில்லை.

பல்கலைக்கழகம் இருக்கும் இடத்தில் இவ்வச்சம் தனியொரு வடிவம் கொள்ளும் என்பதற்கு அமெரிக்காவின் சிகாகோ நகரம் சான்று. அந்நகரின் பல்கலைக்கழகத்தைச் சூழ்ந்த பகுதிகளில், கறுப்பினத்தார்க்கு வீடு விற்பதில்லை என்று வீட்டுக்காரர்கள் தமக்குள் உடன்படிக்கை எழுதிக்கொண்டனர். அவ்வுடன்படிக்கைகளைக் காக்க முனைந்த சங்கங்களுக்குப் பல்கலைக்கழகமே பொருளுதவி செய்தது. ஹான்ஸ்பெரி என்னும் கறுப்பினத்தவர் 1937இல் அங்கே வீடு வாங்கினார். குடும்பத்தை வெளியேற்ற வழக்குத் தொடுத்தனர். 1940இல் நாட்டின் உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. அவர் மகள் லொரேய்ன் பின்னாளில் நாடக ஆசிரியையாகி, அத்தகைய வீட்டுத் துயரையே 1959இல் நாடகமாக அரங்கேற்றினார். 1948இல் உடன்படிக்கைகள் நீதிமன்றத்தில் செல்லாதவையாயின. அதன்பின் நகரச் சீரமைப்பு என்ற பெயரில் ஏழைகளின் வீடுகள் இடிக்கப்பட்டன. இத்தனைக்குப் பின்னும் அச்சம் தீர்ந்ததா? அப்பல்கலைக்கழகம் இன்றும் தனக்கெனத் தனிக் காவற்படை வைத்திருக்கிறது. அயலாரை அகற்றுவதாலேயே அச்சம் அகலுமானால், உலகிலேயே அச்சமற்ற இடமாக அது இருந்திருக்க வேண்டும்.

மலேசியாவில் 1975இல் ருக்குன் தெத்தாங்கா தொடங்கப்பட்டபோது, மலாய்க்காரரும் சீனரும் தமிழரும் முறைவைத்து இரவில் ஒன்றாகத் தெருவைச் சுற்றி வந்தனர். கொட்டாவி விட்டபடி நடந்த அந்நடையில் திருடர் எத்தனை பேர் பிடிபட்டனர் என்பது வேறு செய்தி. அண்டை வீட்டார் பெயர் தெரிந்தது. பிற்காலத்தில் தெருமுனையில் தடுப்புக் கம்பம் வந்தது. 2010இல் அதற்கு அரசின் வழிகாட்டி விதிகளும் வந்தன. போக்குவரத்து உரிமை மறுக்கப்படாதவரை அக்கம்பம் வழிமறிப்பு ஆகாதென்று 2015இல் கூட்டரசு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சட்டத்தின் பார்வையில் அது முடிந்த செய்தி. கம்பத்தருகே நிற்கும் காவலர் பலவிடங்களில் நேப்பாள நாட்டவர். வெளிநாட்டவரைக் கண்டு அஞ்சுவோர் தம் வாயிலின் பொறுப்பை ஒரு வெளிநாட்டவரிடமே ஒப்படைத்துவிட்டு உறங்கச் செல்கின்றனர். அவரிடம் அச்சம் வருவதில்லை. அவருடைய பெயரும் வேலையும் நிற்குமிடமும் தெரிந்திருப்பதே காரணம்.

பெக்கான் நானாசுக்கு இச்செய்தி தொலைவில் இல்லை. குடிநுழைவுத் துறையின் தடுப்பு முகாம்களுள் ஒன்று அவ்வூரில் இருக்கிறது. அவ்வழியே நாள்தோறும் செல்வோர், வேலிக்கு அப்பால் இருப்போர் அனைவரும் குற்றவாளிகள் என்றே எண்ணிப் பழகிவிடுகின்றனர். 2019 ஜூலையில் நைஜீரிய நாட்டு ஆய்வு மாணவர் ஒருவர் குடிநுழைவுத் துறையின் தடுப்புக் காவலில் உயிரிழந்தார். அவருடைய மாணவர் அனுமதி செல்லத்தக்கதே என்று அவர் பயின்ற பல்கலைக்கழகம் அறிவித்தது. அவருக்கும் ஒரு தந்தை இருந்திருப்பார். மகன் எங்கே தங்குவான், அக்கம்பக்கத்தார் எப்படிப்பட்டவர் என்று அவரும் கவலையுற்றிருப்பார். ஊரெல்லாம் தம் ஊர் என்று பாடிய சங்கப் புலவரை மேடைதோறும் போற்றும் தமிழருள், இம்மாணவரைப் பற்றி மேடையில் பேசியவர் எத்தனை பேர்?

இனத்தைக் கேட்டறிந்த தந்தை எதையும் அறியவில்லை. தரகர் இல்லையென்று கூறியிருந்தால் மனம் நிம்மதி அடைந்திருக்கும். தெரு பாதுகாப்பாகி இராது. அவர் கேட்டிருக்க வேண்டியவை வேறு. பேருந்து நிறுத்தத்திலிருந்து வீடுவரை தெருவிளக்கு எரிகிறதா? கடைசிப் பேருந்து எத்தனை மணிக்கு? பின்கதவின் பூட்டு எத்தகையது? வீட்டுக்காரர் வேறெவரிடம் சாவி கொடுத்திருக்கிறார்? உடன் தங்கும் பெண்களின் பெயர் என்ன? இக்கேள்விகளின் விடைகளே ஒரு பெண்ணின் இரவைக் காக்கும். இவை உழைப்பைக் கேட்கும் கேள்விகள். நடந்து சென்று பார்க்க வேண்டும், இரவில் ஒருமுறை வர வேண்டும், அண்டை வீட்டுக் கதவைத் தட்ட வேண்டும். இனம் பற்றிய கேள்விக்கு அந்த உழைப்பு தேவையில்லை. அதனாலேயே அது எல்லார் வாயிலும் முதலில் வருகிறது.

தந்தை அந்த அறையையே எடுத்துக்கொண்டார். தரகருக்குத் தெரிந்தவரை அண்டை வீட்டில் எவருமில்லை. அறையைப் பூட்டிவிட்டு வெளியேறுகையில் தெருமுனைக் கம்பம் இறங்கியிருந்தது. காவலர் காரினுள் குனிந்து அவர் முகத்தைப் பார்த்தார். முன்னே சென்ற காரை நிறுத்தாதவர், இவரிடம் அடையாளக் கார்டைக் கேட்டார். தந்தை பணப்பையைத் தேடி எடுத்துக் கொடுத்தார். பக்கத்தில் அமர்ந்திருந்த மகள், காவலரின் சட்டையில் இருந்த பெயரை மெல்ல எழுத்துக் கூட்டிப் படித்துக்கொண்டிருந்தாள்.