சொன்ன பேச்சு கேட்காத பிள்ளை

நம் வீடுகளில் ஒரு குழந்தைக்குக் கிடைக்கும் உச்சமான பாராட்டு, “சொன்ன பேச்சு கேட்கும்” என்பதுதான். வீட்டுக்கு வருகிறவர்களிடம் அம்மா பெருமையாகச் சொல்வது அது. பள்ளிக்கூடத்தில் பெற்றோரைக் கூப்பிட்டு டீச்சர் சொல்வதும் அது. மதுரையில் அந்தப் பாராட்டை நிறைய வாங்கி வளர்ந்தவள் நான். நல்ல பிள்ளைக்கு அதுதான் இலக்கணம் என்று வெகுகாலம் நம்பியும் இருந்தேன். ஆட்டிசம் உள்ள சின்னக் குழந்தைகளோடு தரையில் உட்கார்ந்து வேலை பார்க்க ஆரம்பித்த பிறகு அந்த நம்பிக்கை ஆட்டம் கண்டது. பேச்சு வராத ஒரு குழந்தை நான் சொன்னதையெல்லாம் செய்கிறது என்றால், அது கற்றுக்கொண்டுவிட்டதா, அல்லது இவர்களிடம் முரண்டு பிடித்துப் பயனில்லை என்று ஓய்ந்துவிட்டதா? வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும்.

உளவியல் மேற்படிப்புக்காக டெக்ஸாஸில் இருந்தபோது டாலஸ் பக்கத்து ஊர் ஒன்றின் ஆட்டிசம் மையத்தில் இன்டர்னாகச் சேர்ந்தேன். பிஹேவியர் டெக்னீஷியன் என்று அந்த வேலைக்குப் பெயர். 2014-இல்தான் அமெரிக்காவில் இதற்கென்று ஆர்பிடி என்ற சான்றிதழ் வந்தது. பதினெட்டு வயது நிறைந்திருக்க வேண்டும், பள்ளிப் படிப்பு முடித்திருக்க வேண்டும், 40 மணி நேரப் பயிற்சி எடுக்க வேண்டும், செய்முறை மதிப்பீட்டில் தேற வேண்டும், குற்றப் பின்னணி இல்லை என்று காட்ட வேண்டும், பிறகு தேர்வு எழுத வேண்டும். குழந்தைக்கு என்ன கற்றுக்கொடுப்பது என்று திட்டம் போடுபவர் பிசிபிஏ எனப்படும் மேல்நிலைப் பகுப்பாய்வாளர், முதுகலை முடித்தவர். டெக்னீஷியன் வேலை செய்யும் நேரத்தில் மாதத்துக்குக் குறைந்தது 5 சதவீதம் மேற்பார்வையில் நடக்க வேண்டும் என்பது விதி. மற்ற நேரமெல்லாம் அறையில் அந்தக் குழந்தையும் டெக்னீஷியனும்தான். ஆக, இந்தத் துறையில் குறைவாகப் படித்து, குறைவாகச் சம்பளம் வாங்குகிறவரின் கையில்தான் குழந்தையின் பெரும்பாலான நேரம் இருக்கிறது. வாரத்துக்கு 25, 30 மணி நேரம் வருகிற குழந்தைகள் உண்டு. மூன்று வயதில் அது சின்ன நேரம் இல்லை.

அமெரிக்காவில் இப்படிப்பட்ட மையங்கள் நிறைய முளைத்ததற்குக் காரணம் இருக்கிறது. அமெரிக்க அரசின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் எட்டு வயதுக் குழந்தைகளிடம் எடுக்கும் கணக்கில், 2000-இல் 150 பேரில் ஒருவருக்கு ஆட்டிசம் என்று இருந்தது. 2022-ஆம் ஆண்டுக் கணக்கில் 31 பேரில் ஒருவர். ஆட்டிசத்தின் வரையறை விரிந்ததும், முன்பு கண்ணில் படாமல் போன குழந்தைகளை இப்போது கண்டுகொள்வதும் இந்த உயர்வில் பெரும்பங்கு. 2019-க்குள் ஐம்பது மாநிலங்களிலும் இந்த மையங்கள் தரும் சிகிச்சைக்கு இன்ஷூரன்ஸ் பணம் தர வேண்டும் என்ற ஏற்பாடும் வந்துவிட்டது.

அந்தச் சிகிச்சையின் பெயர் ஏபிஏ, அதாவது அப்ளைடு பிஹேவியர் அனாலிசிஸ். இதன் வரலாற்றைத் தெரிந்துகொள்ளாமல் இந்த வேலைக்குப் போகக் கூடாது என்பது என் எண்ணம். கலிஃபோர்னியாவில் ஐவார் லோவாஸ் என்ற உளவியலாளர் 1987-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். வாரம் 40 மணி நேரம் தீவிரப் பயிற்சி பெற்ற 19 குழந்தைகளில் 9 பேர் சராசரி அறிவுத்திறனோடு சாதாரண முதல் வகுப்பை முடித்தார்கள் என்றது அது. “இந்தப் பிள்ளையை விடுதியில் விட்டுவிட்டு அடுத்த பிள்ளையைப் பாருங்கள்” என்று மருத்துவர்களே சொன்ன காலத்திலிருந்து வந்த பெற்றோருக்கு அந்த எண் எவ்வளவு பெரிய நம்பிக்கை! ஆனால் அதே ஆய்வில், வேண்டாத நடத்தை என்று கருதியதற்கு உரக்க அதட்டுவதும் தொடையில் அடிப்பதும் இருந்தன. அதற்கும் முன்னால், 1965-இல் லைஃப் பத்திரிகை அந்த ஆய்வுக்கூடத்தில் குழந்தைகளை அறைவதையும் மின் அதிர்ச்சி கொடுப்பதையும் படத்தோடு போட்டது. கற்றுக்கொடுத்த முதல் பாடங்கள் எவை? நாற்காலியில் உட்கார். என் கண்ணைப் பார். கையை ஆட்டாதே. பாடமாகவே கீழ்ப்படிதல்தான் இருந்தது. அந்தப் பயிற்சியில் வளர்ந்து பெரியவர்களானவர்களில் பலர் அது தங்களுக்கு என்ன செய்தது என்று பின்னால் பேசியும் எழுதியும் இருக்கிறார்கள். அதைக் கேட்ட பிறகு “நல்ல எண்ணத்தில்தான் செய்தோம்” என்ற பதில் போதவில்லை.

நான் போன மையத்தில் அதட்டல் கிடையாது, அடி கிடையாது. தொழில் நெறிமுறையே மாறியிருக்கிறது. 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த புதிய விதிகள், பெற்றோரின் கையெழுத்தோடு நிற்காமல் குழந்தையின் இசைவையும் கணக்கில் எடுக்கச் சொல்கின்றன. இருந்தாலும் பழைய பாடம் வேறு உடுப்பில் இருக்கத்தான் செய்கிறது. டேட்டா ஷீட்டில் ஒரு வரி வரும்: “சொன்னதைச் செய்தல் — 80 சதவீதம்.” ஒவ்வொரு முறையும் பிளஸ் அல்லது மைனஸ் போட வேண்டும். பிளஸ்கள் கூடினால் எல்லோருக்கும் மகிழ்ச்சி. அந்தப் பிளஸ் புரிந்து வந்ததா, பயந்து வந்ததா என்று எழுதுவதற்கு ஷீட்டில் கட்டம் இல்லை.

ஒரு பையனைப் பற்றிச் சொல்ல வேண்டும். நான்கு வயது, பேச்சு இல்லை. ரயில் பொம்மையின் சக்கரங்கள்தான் அவன் உலகம். கன்னத்தைத் தரையோடு ஒட்டிவைத்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, ரயிலை மெல்ல நகர்த்துவான். ஆரம்பத்தில் புதிய டெக்னீஷியன் குழந்தையிடம் எதையும் செய்யச் சொல்லக் கூடாது. கூட இருக்க வேண்டும், அதற்குப் பிடித்ததில் சேர்ந்துகொள்ள வேண்டும். நானும் அவன் எதிரில் பாயில் கன்னத்தை வைத்துப் படுத்தேன். அந்த மட்டத்திலிருந்து பார்த்தால் சக்கரத்தின் ஆரங்கள் ஜன்னல் வெளிச்சத்தை வெட்டி வெட்டி விடுகின்றன. வேகம் கூடக் கூட ஆரங்கள் மறைந்து ஒரே மினுமினுப்பாகிறது. பொருளற்ற விளையாட்டு என்று அறிக்கைகளில் எழுதப்படுவது இதைத்தான். எனக்கு அது அழகாக இருந்தது. நான் படுத்திருப்பதைப் பார்த்து அவன் இன்னொரு ரயிலை என் பக்கம் தள்ளிவிட்டான்.

அவன் மணிக்கட்டில் தழும்பு இருந்தது. புதிர்ப் பலகை மேஜைக்கு வந்தால் கையைக் கடித்துக்கொள்வான். இந்தத் துறை எனக்குக் கற்றுத்தந்த நல்ல பழக்கம், ஒரு செயலைத் தனியாகப் பார்க்காமல், அதற்கு முன்னால் என்ன நடந்தது, பின்னால் என்ன நடந்தது என்று குறித்துவைப்பது. குறித்துப் பார்த்ததும் விஷயம் வெளிச்சமானது. முன்னால் பலகை வருகிறது, கடிக்கிறான், பெரியவர்கள் பதறிப் பலகையை எடுத்துவிடுகிறார்கள். அவனிடம் இருந்த ஒரே ‘வேண்டாம்’ அந்தக் கடிதான். எட்வர்ட் கார், மார்க் டியூராண்ட் என்ற இரண்டு உளவியலாளர்கள் 1985-இலேயே இதை ஆய்வில் காட்டியிருக்கிறார்கள். கடினமான பாடத்திலிருந்து தப்பிக்க முரண்டு செய்த குழந்தைகளுக்கு “எனக்குப் புரியவில்லை” என்று சொல்லிக்கொடுத்தபோது முரண்டு வெகுவாகக் குறைந்தது.

எங்கள் சூப்பர்வைசர் அவன் டேப்லெட்டில் ஒரு சிவப்புக் கட்டம் சேர்த்தார். தொட்டால் ‘நிறுத்து’ என்று ஒரு சிறுவன் குரல் சொல்லும். அவன் கையைப் பிடித்து அழுத்த வைக்கக் கூடாது என்பதில் அவர் கண்டிப்பாக இருந்தார். நாங்கள் அழுத்திக் காட்ட வேண்டும், அவன் பார்த்துக்கொள்வான். அவன் அழுத்திய அந்த நொடியே பலகை அகல வேண்டும். “இன்னும் ஒண்ணே ஒண்ணு” என்று பேரம் பேசக் கூடாது.

அழுத்தினான். பலகை போனது. மறுபடி கொண்டுவந்தேன், மறுபடி அழுத்தினான். காலை முழுவதும் இதே கதை. இப்படியே விட்டால் எதையுமே கற்றுக்கொள்ள மாட்டானே என்று பக்கத்து அறை டெக்னீஷியன் கேட்டார். நியாயமான கேள்வி; இன்ஷூரன்ஸ்காரர்களும் அதையேதான் கேட்பார்கள். ஆனால் நாட்கள் போகப் போக, நிறுத்து என்றால் உண்மையிலேயே நிறுத்துகிறார்கள் என்று அவனுக்கு உறுதியானது. ஒருநாள் அழுத்தினான், பலகையைத் தள்ளி வைத்தேன். அதைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுத் தானே இழுத்து, வாத்துத் துண்டைப் பொருத்தினான். கடி குறைந்தது. எல்லாக் குழந்தைக்கும் இப்படி நடக்கும் என்று சொல்ல மாட்டேன். மறுக்க வழியிருப்பவனுக்குத்தான் சம்மதிக்கவும் முடிகிறது என்பதை மட்டும் அவனிடம் கண்டேன்.

எல்லா ‘வேண்டாம்’ஐயும் ஏற்க முடியுமா? முடியாது. கார் சீட் பெல்ட்டுக்கும், பல் தேய்ப்பதற்கும், தெருவைக் கடக்கும்போது கையைப் பிடிப்பதற்கும் மறுப்புக்கு இடமில்லை. அங்கே நாம் செய்ய வேண்டியது ஒன்றுதான்: கேள்வியாகக் கேட்காமல் இருப்பது. “பல் தேய்க்கலாமா?” என்று கேட்டுவிட்டு, மாட்டேன் என்றதும் வாயைப் பிளந்து தேய்த்தால், உன் பதிலுக்கு மதிப்பில்லை என்று கற்றுக்கொடுக்கிறோம். “பல் தேய்க்கப் போறோம். மேல் பல்லா, கீழ்ப் பல்லா, எது முதல்ல?” என்றால் அங்கே உள்ள கேள்வி உண்மையான கேள்வி. ஆட்டிசம் இல்லாத பிள்ளைகளை வளர்க்கும் வீடுகளுக்கும் இதையே சொல்வேன்.

அந்த மையத்துக்கு ஒரு தமிழ்க் குடும்பத்துச் சிறுமியும் வந்தாள். அமெரிக்காவில் வளர வேண்டிய பிள்ளை என்று வீட்டில் தமிழையே நிறுத்திவிட்டிருந்தார்கள். இரண்டு மொழி கேட்பதால் ஆட்டிசம் உள்ள குழந்தையின் பேச்சு தாமதமாவதில்லை என்று ஆய்வுகள் பல சொல்கின்றன. சூப்பர்வைசர் அதைச் சொல்லித் தமிழில் பேசச் சொன்னார். ஊரிலிருந்து வந்திருந்த பாட்டிக்கு அதில் பெரிய நிம்மதி. அவருக்கு வேறொரு கவலை இருந்தது.

“ஏம்மா, நீயாச்சும் சொல்லு. கைய இப்பிடி ஆட்டாம இருந்தா நாலு பேரு பாக்க நல்லாருக்கும்ல?”

திட்டத்தைப் பற்றிக் குடும்பத்தோடு பேச டெக்னீஷியனுக்கு அனுமதி இல்லை. அதனால் ஒன்று மட்டும் கேட்டேன். “எப்பெல்லாம் ஆட்டுறா பாட்டி?”

“லிஃப்ட் கதவு தெறந்தா ஆட்டுவா. அவ தாத்தா போன்ல வந்தா ஆட்டுவா.” கொஞ்சம் நிறுத்திவிட்டு, “அப்ப தாத்தா வந்தது அவளுக்குப் பிடிச்சிருக்குன்னு அர்த்தமாம்மா?” என்றார்.

அந்த நாலு பேரின் வசதிக்காகத்தான் எத்தனை குழந்தைகளின் கைகள் கட்டப்பட்டிருக்கின்றன! கை ஆட்டுவதால் யாருக்கும் காயமில்லை. அதை நிறுத்தினால் குழந்தை தன் மகிழ்ச்சியைச் சொல்ல வைத்திருக்கும் ஒரு வழி அடைபடுகிறது.

இதில் மகிழ்ச்சிக்கும் மேலே ஒரு விஷயம் இருக்கிறது. மாற்றுத்திறனாளிக் குழந்தைகள் வன்முறைக்கு ஆளாகும் வாய்ப்பு மற்ற குழந்தைகளைப் போல 3.7 மடங்கு என்று உலக சுகாதார நிறுவனத்தின் முயற்சியில் 2012-இல் வெளிவந்த ஆய்வுத் தொகுப்பு சொல்கிறது. ஒரு பெரியவர் தொட்டால் அசையாமல் இருக்க வேண்டும், சொன்னதைச் செய்தால் பரிசு என்று வாரத்துக்கு முப்பது மணி நேரம் பழகிய குழந்தை, கெட்ட எண்ணத்தோடு தொடுகிறவரிடம் எதைக் கொண்டு மறுக்கும்? சொன்ன பேச்சு கேட்பதையே பெருமையாக வைத்திருக்கும் நம் வீடுகள் இதை யோசித்தே ஆக வேண்டும்.

பிள்ளையை ஒரு தெரபி சென்டரில் சேர்க்கப் போகிறவர்களுக்கு, அது டாலஸோ சென்னையோ, ஒரு வேண்டுகோள். கட்டணத்தையும் நேரத்தையும் கேட்பதற்கு முன்னால், “என் பிள்ளை வேண்டாம் என்று காட்டினால் நீங்கள் என்ன செய்வீர்கள்?” என்று கேளுங்கள். பதில் சொல்லத் தடுமாறினால் யோசியுங்கள். செஷன் நடக்கும்போது உள்ளே உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்று கேளுங்கள். பெற்றோர் பார்க்கவே கூடாது என்று சொல்லும் இடத்தில் பிள்ளையை விடாதீர்கள்.