தொட்டால் போதும்

பிந்துலுவில் வேலை பார்த்தபோது இபான் நண்பன் வீட்டில் சாப்பிடச் சொன்னார்கள். எனக்குப் பசியில்லை. "பரவால்ல, விரலால தொட்டுரு," என்றான். கொடுத்த உணவைத் தொடாமல் போனால் ஆபத்து வரும் என்பது சரவாக்கில் பலருடைய நம்பிக்கை. தட்டைத் தொட்டேன். அதற்குமேல் யாரும் வற்புறுத்தவில்லை. கொடுத்தவர் மனமும் நோகவில்லை, என் மறுப்பும் நின்றது.

நம் வீட்டில் "போதும்" என்றால்தான் இன்னொரு கரண்டி விழும். முதல் மறுப்பைக் கூச்சம் என்றே எடுத்துக்கொள்கிறோம். அன்புதான், சந்தேகமில்லை. ஆனால் அதே காதோடுதான் அக்கா சொன்னதையும் கேட்டோம். "இந்த மாப்பிள்ளை வேணாம்மா" என்று மூன்று முறை சொன்னாள். வெட்கப்படுகிறாள் என்று சிரித்தோம், நானும்தான். நிச்சயதார்த்தத்துக்கு முதல் நாள் அழுத பிறகே எல்லாம் நின்றது.

"முதல்லயே சொல்லியிருக்கலாமே" என்று அம்மா இன்னமும் கேட்கிறார்.