வழி தெரியவில்லை என்பது வெட்கமா?

1990 டிசம்பர் 3ஆம் திகதி அமெரிக்காவின் டெற்றொயிற் விமான நிலையத்தை மூடுபனி சூழ்ந்திருந்தது. புறப்படுவதற்காக ஊர்ந்து சென்ற விமானமொன்று திருப்பங்களிடையே வழிதவறியது. துணை விமானி இடமறிந்தவர்போற் பேசினார். தலைமை விமானி அவரை நம்பினார். ஐயம் எழுந்தபின்னும் உடனே நிற்கவில்லை. தாம் நிற்குமிடம் தெரியவில்லையென்று கோபுரத்துக்கு அறிவித்தபோது, ஓடுபாதைக்குள்ளேயே புகுந்துவிட்டிருந்தனர். எதிரே விரைந்து வந்த விமானத்தின் இறக்கை இடித்தது; 8 பேர் மாண்டனர்.

வழிதவறுவது குற்றமன்று, மூடுபனியில் எவரும் தவறலாம். தெரியாததைத் தெரிந்ததாகக் காட்டி மேலும் நகர்வதே குற்றம். ஏனெனில், நம்மை நம்பிப் பின்னால் அமர்ந்திருப்போர் உளர்.

பெற்றோரே, “எனக்குத் தெரியாது, கேட்டுச் சொல்கிறேன்” என்று பிள்ளைகளிடம் கூறத் தயங்குகிறீர்களா? அந்த ஒரு சொல்லால் உங்கள் மதிப்புக் குறையாது. ஐயம் வந்தால் நில்லுங்கள்; கேளுங்கள்; பின்பு நகருங்கள்.