பூட்டும் நம்பிக்கையும்

ஒரு சமுதாயம் எதனைப் பூட்டி வைக்கின்றது, எதனைத் திறந்து வைக்கின்றது என்பதைக் கொண்டு அதன் ஒழுக்கத்தைப் பெருமளவுக்கு மதிப்பிடலாம். நெற்களஞ்சியத்தைப் பூட்டிய சமுதாயங்கள் உண்டு. கிணற்றைப் பூட்டியவை உண்டு. கோயிற் கதவையும் பள்ளிக்கூடத்தையும் ஒரு சாராருக்கு எதிராகப் பூட்டியவையும் உண்டு. யாருடைய பொருளை, யாரிடமிருந்து, யாருக்காகக் காக்கின்றோம் என்னும் வினா ஒவ்வொரு பூட்டினுள்ளும் அடங்கியிருக்கின்றது. அண்மைக் காலத்திற் கணினியோடு சேர்ந்து வந்துள்ள ஒரு சிறிய பூட்டு இவ்வினாவை நமது ஆசிரியர் அறைகளுக்குள்ளும் அலுவலகங்களுக்குள்ளும் கொண்டுவந்து சேர்த்திருக்கின்றது.

அப்பூட்டு இயங்கும் முறை எளியது. கணினியில் வேலை செய்பவரின் கைத்தொலைபேசியும் அக்கணினியும் புளூடூத் எனப்படும் குறுந்தூர வானொலி அலையினால் முதலில் இணைக்கப்படுகின்றன. தொலைபேசியிலிருந்து வரும் அலையின் வலிமையைக் கணினி அளந்துகொண்டிருக்கின்றது. தொலைபேசியைச் சட்டைப்பையில் இட்டவாறு அவர் எழுந்து வெளியே செல்ல, அலை நலிகின்றது. தொடர்பு அற்றுப்போய் ஏறத்தாழ அரை நிமிடத்திற் கணினி தன் திரையைத் தானே பூட்டிக்கொள்கின்றது. மைக்ரோசொப்ற் நிறுவனம் 2017ஆம் ஆண்டு ஏப்பிரிலில் வெளியிட்ட விண்டோஸ் 10 திருத்தப் பதிப்பில் ‘டைனமிக் லொக்’ என்ற பெயருடன் இவ்வேற்பாட்டைச் சேர்த்தது. லினக்ஸ் கணினிகளுக்கு இதனையொத்த செயலிகள் அதற்குப் பல ஆண்டுகள் முன்னரே இருந்தன. மைக்ரோசொப்றின் இவ்வேற்பாடு பூட்டுவதற்கு மட்டுமே உரியது. உரியவர் திரும்பி வந்து அமரும்போது கடவுச்சொல்லோ வேறு அடையாளமோ கொடுத்தே திறக்கவேண்டும்.

இதில் ஒழுக்கப் பிரச்சினை எங்கே இருக்கின்றது என்று சிலர் கேட்கலாம். யாழ்ப்பாணத்து வாழ்க்கையை அறிந்தோர் அவ்வாறு கேளார். கிடுகு வேலியும் பனையோலை வேலியும் நம் ஊர்களின் முகமாய் இருந்தவை. எல்லையில் ஒரு சாண் நிலத்துக்காக ஆண்டுக்கணக்கில் நீதிமன்றப் படியேறிய குடும்பங்கள் நம்மிடையே உண்டு. ஆயினும் அதே வேலியில் அயல்வீட்டார் வந்துபோவதற்கென ஒரு பொட்டும் இருந்தது. அப்பொட்டை அடைத்தால் உறவு முறிந்தது என்பதே பொருள். இம்மனப்பான்மை வேலியைக் கடந்து அலுவலகத்துக்குள்ளும் வருகின்றது. பக்கத்து மேசையில் இருப்பவர் பார்த்துக்கொண்டிருக்க, ஒருவர் தம் கணினியைப் பூட்டிவிட்டுத் தேநீர் அருந்தச் செல்வாராயின், ‘என்னைக் கள்ளன் என்று நினைத்தீரோ?’ என்ற கேள்வி வாய்திறந்து கேட்கப்படாவிடினும் அவ்விடத்தில் நிற்கும்.

இக்கேள்வியை எள்ளி ஒதுக்குதல் தகாது. உழைப்போரின் ஒற்றுமை பரஸ்பர நம்பிக்கையின் மீதே கட்டப்படுகின்றது. ஒருவரையொருவர் ஐயுறும் தொழிலாளர் சங்கம் அமைக்க இயலாது. கணினியின் வரலாற்றிலேயே இக்கட்சியைப் பேசியவர்கள் உண்டு. அமெரிக்காவின் மசாசூசெற்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தில் 1960களின் தொடக்கத்திற் பலர் ஒரே கணினியைப் பங்கிட்டுப் பயன்படுத்தத் தொடங்கியபோது கடவுச்சொல் முறை புகுந்தது. 1962இல் அலன் ஷெர் என்னும் ஆய்வு மாணவர், தமக்கு ஒதுக்கப்பட்ட நேரம் போதாமையாற் கடவுச்சொற் கோவை முழுவதையும் அச்சிட்டெடுத்துப் பிறரது கணக்குகளினூடாக வேலை செய்தார். 1977இல் அதே நிறுவனத்தின் கணினி ஆய்வுகூடம் ஒன்றிற் கடவுச்சொல் முறை நிறுவப்பட்டபோது றிச்சாட் ஸ்ரோல்மன் அதனை எதிர்த்தார். பயனாளர்களின் கடவுச்சொற்களைக் கண்டறிந்து அவர்களுக்கே அனுப்பி, இனி எதனையும் தட்டாது வெறுமையாகவே விடுங்கள் என்று தூண்டினார். ஏறத்தாழ ஐந்திலொரு பங்கினர் இணங்கினர். பின்னர் 1983இற் கட்டற்ற மென்பொருளுக்கான முயற்சியைத் தொடங்கியவரும் இவரே. பொதுக் கருவியைச் சிலர் தம் ஆளுகைக்குள் வைத்திருப்பதற்குக் கடவுச்சொல் துணைபோகின்றது என்பது அவருடைய வாதத்தின் உயிர். அவ்வாதத்தில் உண்மை இருக்கின்றது.

ஆயினும் இங்கே ஒரு வேறுபாட்டை நாம் தெளிவாக வகுத்துக்கொள்ளுதல் வேண்டும். ஒருவன் தன்னுடைய பொருள் தொடர்பாகவே பிறர்மீது நம்பிக்கை வைக்கலாம். பிறருடைய பொருளைப் பணயமாக வைத்துப் பெருந்தன்மை காட்ட அவனுக்கு உரிமை கிடையாது. நமது பாடசாலை அலுவலகக் கணினி ஒன்றைக் கருதுவோம். எந்தப் பிள்ளையின் தந்தை காணாமலாக்கப்பட்டார், எந்தக் குடும்பம் நிவாரணத்தில் வாழ்கின்றது, எந்தப் பிள்ளை எந்த நோய்க்கு மருந்து உண்கின்றது என்பன அதிற் பதிவாகியிருக்கக்கூடும். மருத்துவமனைக் கணினியிலும் பிரதேச செயலகக் கணினியிலும் இருப்பவை இவற்றினும் நுண்ணியவை. இவ்விபரங்கள் லிகிதருக்கோ ஆசிரியருக்கோ சொந்தமானவை அல்ல. அவற்றுக்கு உரிய தாய் அந்த அறையில் இல்லை. அவளுடைய சம்மதத்தை எவரும் கேட்கவுமில்லை. தேநீருக்குச் செல்பவரும் பக்கத்து மேசைக்காரரும் ஒருவரையொருவர் நம்பிக்கொள்ள, அதனால் வரக்கூடிய கேடு மூன்றாமவராகிய அவளைச் சேருகின்றது.

இவ்வாறு ஒப்புவிக்கப்பட்டதற்கு நம் மரபில் அடைக்கலம் என்று பெயர். சிலப்பதிகாரத்திற் கவுந்தியடிகள் கண்ணகியை மாதரி என்னும் ஆயர்குலப் பெண்ணிடம் அடைக்கலமாக ஒப்புவிக்கின்றார். கோவலன் கொலையுண்டு மதுரை எரிந்தபின், தன்மேற் குற்றம் ஏதும் இல்லாதிருந்தும், ஏற்ற அடைக்கலத்தை இழந்தமை பொறாது மாதரி தீப்புகுந்தாள். அம்முடிவை நாம் போற்றவேண்டியதில்லை. ஆனால் அரசன் தன் கடமையில் வழுவிய நகரில், மோர் விற்று வாழ்ந்த ஒரு பெண் தான் ஏற்ற பொறுப்பின் கனத்தை அறிந்திருந்தாள் என்பதை மறத்தலாகாது. கணினியின் முன் அமர்ந்திருக்கும் நம்மிற் பலர் அக்கனத்தை அறியாதிருக்கின்றோம்.

வெறும் பெயரும் முகவரியும் என்ன செய்துவிடும் என்று கேட்போருக்கு இலங்கைத் தமிழரின் வரலாறே விடை கூறும். 1983ஆம் ஆண்டு யூலையிற் கொழும்பில் தமிழரின் வீடுகளையும் கடைகளையும் தேடிச்சென்ற கும்பல்களின் கைகளில் வாக்காளர் இடாப்புகள் இருந்தன. மக்களின் உரிமைக்காக எழுதப்பட்ட ஏடு அம்மக்களின் வாசலைக் காட்டிக்கொடுக்கும் ஏடாயிற்று. எவரும் பார்வையிடக்கூடிய இடாப்பே இவ்வாறு பயன்படுமாயின், மறைவாகக் காக்கவேண்டிய விபரங்களைப் பற்றி வேறு சொல்ல வேண்டுமா? திறந்துகிடந்த திரையைப் பார்ப்பவர் நல்லவராக இருக்கலாம். ஆட்சி மாறும், அலுவலர் மாறுவர், பிரதியெடுக்கப்பட்ட பட்டியல் அப்படியே இருக்கும்.

இதனைக் கொண்டு, அனைத்தையும் பூட்டுக என்று நாம் கூறுவதாக எவரும் கொள்ளலாகாது. 1981ஆம் ஆண்டு மே 31ஆம் நாள் இரவில் எரியூட்டப்பட்ட யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. அந்நூலகத்தின் பெருமை அதன் கதவு யாவருக்கும் திறந்திருந்தமையே. 2005இல் தொடங்கப்பட்ட ‘நூலகம்’ என்னும் எண்ணிம நூலகத் திட்டம் ஈழத்து நூல்களையும் இதழ்களையும் எவரும் கட்டணமின்றிப் படிக்க வைத்துள்ளமை அம்மரபின் தொடர்ச்சி. மறுபுறத்தில், 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயிலில் ஒடுக்கப்பட்ட மக்கள் உள்ளே சென்று வழிபடும் உரிமை கோரி நின்றபோது அவர்கள் முன் அடைக்கப்பட்ட கதவு நம் சமுதாயத்துக்கு அழியாத களங்கம். அறிவும் வழிபாடும் நீரும் பொதுவானவை. அவற்றைப் பூட்டுதல் அநீதி. தனிமனிதனின் நோயும் வறுமையும் துயரமும் அவனுக்கே உரியவை. அவற்றைத் திறந்து போடுதல் அநீதி. நடைமுறையிலோ இது பெரும்பாலும் தலைகீழாகவே நடைபெறுகின்றது. அதிகாரத்தின் கணக்குகளைப் பார்ப்பதற்குக் குடிமக்கள் 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தைக் கையில் எடுத்து விண்ணப்பிக்கவேண்டியிருக்கின்றது. ஏழையின் குடும்ப விபரமோ மேசைக்கு மேசை திறந்து கிடக்கின்றது.

இவ்வளவும் கூறியபின், தானே பூட்டிக்கொள்ளும் கணினியின் தன்மைக்கு வருவோம். அதனிடம் ஒரு நற்குணம் உண்டு. அது குறிப்பிட்ட எவரையும் ஐயுறுவதில்லை. அதிபர் அருகில் இருந்தாலும், சிற்றூழியர் இருந்தாலும், நெருங்கிய நண்பர் இருந்தாலும் அது ஒரே வகையாகவே பூட்டிக்கொள்கின்றது. பக்கத்து மேசைக்காரரை நோக்கி எழுந்த அவமதிப்பு இதனால் நீங்குகின்றது. எல்லோர்க்கும் பொதுவான விதி எவரையும் புண்படுத்துவதில்லை. கைவேலை நிரம்பிய ஒருவரின் மறதிக்கும் அது துணைநிற்கின்றது.

ஆனால் அது மனிதனை அறியாது. மனிதன் சுமக்கும் பொருளையே அறியும். தொலைபேசியை மேசையில் மின்னேற்ற வைத்துவிட்டு உரியவர் எழுந்து சென்றால், அவர் அங்கேயே இருப்பதாகக் கணினி கருதுகின்றது. அவர் பூட்டிவிட்டதாக நம்பிச் செல்லும் அரை நிமிடத்துக்குள் வேறொருவர் அமர்ந்துவிடவும் கூடும். அருகாமையைக் கொண்டே திறக்கவும் விடுவோமாயின் இடர் இன்னும் பெரிது. 2022இற் பிரித்தானியாவின் என்.சி.சி. குழும ஆய்வாளர்கள், தொலைவிலிருந்த தொலைபேசியின் அலையை இடையில் நின்று கடத்தி, டெஸ்லா மோட்டார்க் காரைத் திறந்து காட்டினர். உரியவர் அருகில் இல்லை. அருகில் இருக்கின்றார் என்று வண்டி நம்பியது.

ஒரு மனிதனுக்கு ஒரு தொலைபேசி என்னும் எடுகோளும் இதில் ஒளிந்திருக்கின்றது. 2020இல் நோய்த்தொற்றினாற் பாடசாலைகள் மூடப்பட்டபோது, வீட்டிலிருந்த ஒரே தொலைபேசியைத் தாயும் தந்தையும் பிள்ளைகளும் பங்கிட்ட குடும்பங்களை நம் ஆசிரியர்கள் நன்கறிவர். அத்தகைய வீட்டிற் கருவி எவருடைய அடையாளம்? அட்டையொன்று மனிதனுக்குப் பதிலாகப் பேசிய காலத்தையும் நாம் கண்டவர்கள். சோதனைச் சாவடியில் அடையாள அட்டை கைவசம் இல்லாதவனின் சொல்லுக்கு மதிப்பிருக்கவில்லை. பொருளை ஆளாகக் கொள்ளும் வழக்கம் எங்கே கொண்டுபோய்விடும் என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

இதனினும் கருதத்தக்க ஆபத்து ஒன்றுண்டு. ஊழியர் மேசையை விட்டு எழுந்த கணத்தை அறியும் கருவி, அக்கணத்தைக் குறித்துவைக்கவும் வல்லது. எத்தனை தடவை எழுந்தார், எத்தனை நிமிடம் வெளியே நின்றார் என்னும் கணக்கு மேலாளரிடம் செல்லுமாயின், பூட்டு கங்காணியாக மாறிவிடுகின்றது. இது வீண் கற்பனையன்று. 1888இல் அமெரிக்காவில் வில்லாட் பண்டி என்பவர் தொழிலாளரின் வரவையும் போக்கையும் பதியும் மணிக்கூட்டை அமைத்தார். அதனைச் செய்துவிற்ற நிறுவனம் பின்னர் ஏனையவற்றோடு இணைந்து ஐ.பி.எம். என்னும் பெருங் கணினி நிறுவனத்துள் அடங்கியது. தொழிலாளியின் நேரத்தை எண்ணுதலும் கணினித் தொழிலும் ஒரே குடும்பத்தில் வளர்ந்தவை என்பதை இது காட்டுகின்றது. இன்று நமது அலுவலகங்களில் விரலடையாள இயந்திரம் வரவைப் பதிகின்றது. சட்டைப்பையிலுள்ள தொலைபேசி நாள் முழுவதும் அதனைச் செய்யும் நிலை வெகு தொலைவில் இல்லை.

ஆகவே இக்கருவியை ஏற்பதா, மறுப்பதா என்ற வினாவை விட, எந்த நிபந்தனையில் ஏற்பது என்ற வினாவே பொருத்தமானது. அது ஒப்புவிக்கப்பட்ட விபரத்துக்குக் காவலாக இருக்கட்டும். வேலை செய்பவருக்குக் காவலாக இருத்தலாகாது. எழுந்த நேரமும் அமர்ந்த நேரமும் எங்கும் சேமிக்கப்படலாகாது என்று ஊழியர் சங்கங்களும் ஆசிரியர் சங்கங்களும் இப்பொழுதே வற்புறுத்தல் வேண்டும். தொலைபேசி இல்லாதவர், தம் தொலைபேசியை அலுவலகக் கணினியோடு இணைக்க விரும்பாதவர் ஆகியோர் மீது அதனைத் திணித்தலும் ஆகாது. விசைப்பலகையில் இரண்டு விசைகளைச் சேர்த்து அழுத்தினாலே கணினியைப் பூட்டிவிடலாம். அதற்கு வானொலி அலை எதுவும் தேவையில்லை.

தனிப்பட்ட தரவுகளைப் பாதுகாப்பதற்கு 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் இயற்றப்பட்டுள்ளது. சட்டத்தின் பக்கங்கள் நாம் எழுந்து செல்லும்போது நம் தோளைத் தொட்டு நினைவூட்டமாட்டா. அந்நினைவு வேறிடத்திலிருந்து வரவேண்டும். தன் மகனின் பெயரையும் பிறந்த தேதியையும், அவன் தந்தைக்கு நேர்ந்ததையும் தயக்கத்தோடு கூறி, நாம் எழுதுவதை மேசைக்கு அப்பால் நின்று பார்த்துக்கொண்டிருந்த தாயின் முகத்திலிருந்து அது வரவேண்டும். அம்முகத்தை மறவாதவர், பக்கத்து மேசை நண்பரின் முன்னிலையிற் கணினியைப் பூட்டுவதற்குக் கூசமாட்டார். அந்த நண்பரும் அதனை அவமதிப்பாகக் கொள்ளமாட்டார்.